பேசி வாங்குகிற வேலை

ஆணி ஆலையின் அறிவிப்புப் பலகையில் வெள்ளிக்கிழமை காலை ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள். நிர்வாகம் ஒட்டுகிற காகிதம் எதுவும் தொழிலாளிக்கு நல்ல சேதி சொன்னதில்லை. அச்சுக்காரர் அதை மூன்று தரம் படித்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஆள்தான், ஆனாலும் முதல் தரமே புரிந்துவிட்டது. கோபம் அடங்காததால் மறுபடி படித்தார்.

மேற்பார்வையாளர் இடம் காலியாகிறது. மனுப் போட்டவர்களில் ஐந்து பேரைக் கூப்பிட்டு ஒரு மேசையைச் சுற்றி உட்கார வைப்பார்கள். ஒரு தலைப்புக் கொடுப்பார்கள். இருபது நிமிடம் விவாதம். யார் நன்றாகக் கலந்து பேசுகிறார்களோ அவர்களுக்கு வேலை.

"ஆணி செய்யிற இடத்துல நாக்க வெச்சு என்னடா பண்ணப் போறீங்க?" என்று பலகையைப் பார்த்தே கேட்டார். பக்கத்தில் நின்றவன் சிரித்தான். இவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த இடம் அவருக்கு வர வேண்டிய இடம். கம்பியை இழுத்து, வெட்டி, தலையில் ஓங்கி ஓர் அடி அடித்து, நிமிடத்துக்கு முந்நூறு ஆணி துப்புகிற மெஷின்கள் பதினாறு அந்தக் கொட்டகையில் ஓடுகின்றன. ஆணியின் தலையை உருவாக்குகிற அச்சு தேய்ந்தால் மாற்றிப் பொருத்துவது அவர் வேலை. இருபத்தாறு வருஷம். பதவி ஆசை என்று யாராவது சொன்னால் செவிட்டில் அறைவார். அவருக்கு வேண்டியது கூண்டு. மேற்பார்வையாளர் உட்காருவதற்குக் கொட்டகையின் நடுவில் இரட்டைக் கண்ணாடி போட்ட சின்ன அறை இருந்தது. கதவைச் சாத்தினால் அத்தனை சத்தமும் எங்கோ தூரத்து மழை மாதிரி ஆகிவிடும். அவருடைய இடது காது போய் நாலு வருஷம். வலது காதில் பாதிதான் மிச்சம். "மெஷின் பக்கத்துல இன்னும் ஒரு வருஷம் நின்னீங்கன்னா வலதும் போயிடும்" என்று ஆலை டாக்டர் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டார். எழுதிக் கொடுத்ததோடு அவர் கடமை முடிந்தது. காதில் அடைத்துக்கொள்ளப் பஞ்சு மட்டும் இலவசம்.

கொட்டகையில் இருக்கிற நாற்பது பேருக்கும் காது ஒரு அலங்காரம்தான். அங்கே யாரும் சத்தம் போட்டுப் பேசுவதில்லை, போட்டாலும் பயனில்லை. உதட்டை மட்டும் அசைப்பார்கள். எதிராளி பார்த்துப் புரிந்துகொள்வார். முப்பதடி தள்ளி நிற்கிறவனோடு சத்தமே இல்லாமல் சண்டை போட்டு, சமாதானமாகி, கடன் கேட்டு, இல்லை என்ற பதிலையும் வாங்கிக்கொள்ளலாம். அந்த விஷயத்தில் அச்சுக்காரரை மிஞ்ச ஆளில்லை. காது போகப் போகக் கண் கூர்மையாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பயிற்சி நடந்தது. மகள் ஒரு வங்கி வேலைக்கு இதே மாதிரி விவாதத்தில் உட்கார்ந்து தோற்று வந்தவள். தோற்றவளுக்குத்தானே எங்கே சறுக்கும் என்று தெரியும்.

"முதல்ல நீங்க ஆரம்பிக்கணும்ப்பா. ஆரம்பிக்கிறவங்களுக்குத் தனி மார்க்கு."

"என்னத்த ஆரம்பிக்கிறது?"

"தலைப்ப. அப்புறம் யார் பேசும்போதும் குறுக்க விழக் கூடாது. எல்லார் முகத்தையும் பாக்கணும். யாராவது பேசாம உக்காந்திருந்தா, 'நீங்க என்ன நெனைக்கிறீங்க'ன்னு அவங்களப் பேச வைக்கணும். அதுக்குப் பெரிய மார்க்கு. பொத்தாம்பொதுவா பேசாம, உங்களுக்குத் தெரிஞ்ச ஒண்ண உதாரணமா எடுத்து விடணும். கடைசியில எல்லார் சொன்னதையும் சேத்து முடிச்சு வைக்கணும். முக்கியமா, கத்தக் கூடாது."

"நான் எங்க கத்துறேன்?"

அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "மேல் மாடிக்காரங்க ஜன்னல சாத்திட்டாங்க. அதக் கேட்டுட்டு வந்து சொல்லுங்க, கத்துறீங்களா இல்லையான்னு."

"உன் தம்பியும் மனுப் போட்டிருக்கான் தெரியுமா?"

"போடட்டுமே. அவனுக்கு மட்டும் கையும் காலும் இல்லையா?"

"கையும் காலும் இருக்கு. எட்டு வருஷம் அட்டைப் பெட்டி ஒட்டினவன், மெஷினோட முன்னாடி எது பின்னாடி எதுன்னு தெரியாதவன், என்னை மேய்க்கப் போறானா?"

"அதத்தான் நாளைக்குப் பேசித் தீத்துக்கங்க. இங்க எதுக்கு என்கிட்ட?" என்று அவள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். தம்பி என்று வந்துவிட்டால் அவளுக்கு உடம்பெல்லாம் இரும்பு.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு அலுவலக மாடியில் கூட்டினார்கள். நீள மேசை, நடுவில் ஒரு மைக், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அந்தப் பக்கம் மேனேஜரும், கணக்குப் பிரிவுக்காரர் ஒருவரும், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு எழுதுவதற்குத் தாளோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பேசுவது இந்தப் பக்கம் கேட்காது. அச்சுக்காரர் எல்லார் முகமும் தெரிகிற மாதிரி மேசையின் கோடியில் உட்கார்ந்தார். அங்கிருந்து கண்ணாடியும் நேராகத் தெரிந்தது.

மற்ற நாலு பேரில் மைத்துனன் ஒருவன். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு வந்திருந்தான். லாரியில் சரக்கு ஏற்றுகிற பகுதியைப் பார்க்கிற 'ரேடியோ' ஒருவன்; பெயருக்கேற்ற வாய். ஆணிகளை மரத்தூளோடு போட்டு உருட்டி மெருகேற்றுகிற பெரிய பீப்பாய்களைக் கவனிக்கிற பீப்பாய் அக்கா. ஐந்தாவது ஆள் ஒரு குமாஸ்தா. இவன் கொட்டகைக்குள் கால் வைக்காதவன், அலுவலகத்தில் உட்கார்ந்து வருகைப் பதிவேடு பார்க்கிறவன்.

வெளியிலிருந்து தேர்வு நடத்த வந்திருந்த அம்மாள் சிரித்த முகமாகச் சொன்னாள்:

"இது ஒரு கற்பனை. ஒரு ஆணி ஆலை இருக்குன்னு வெச்சுக்கங்க. நாப்பது பேர் வேலை செய்யிறாங்க. அதுல எட்டுப் பேரைக் குறைச்சாத்தான் ஆலை ஓடும். எப்படிக் குறைப்பீங்க? இருபது நிமிஷத்துல எல்லாரும் ஒரே முடிவுக்கு வரணும். யார் பேரும் சொல்லாதீங்க, கற்பனைதானே. எந்தெந்த வேலையில ஆள் அதிகம்னு மட்டும் பேசுங்க."

அவள் எழுந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். மகள் சொன்னது நினைவுக்கு வர, அச்சுக்காரர் சட்டென்று ஆரம்பித்தார்.

"எட்டுப் பேரக் குறைக்கணும்னா, முதல்ல ஏன் குறைக்கணும்னு கேக்கணும். ஆணி விக்கலையா, கம்பி வரலையா, இல்ல மேல இருக்கிறவங்க தின்னுட்டாங்களா?"

"ஐயா, அது தலைப்புலயே இல்ல" என்று குமாஸ்தா வெட்டினான். "குறைக்கணும்ங்கிறது முடிவான விஷயம். எப்படிங்கிறதுதான் கேள்வி. என் அபிப்பிராயம், அதிகமா லீவு போடுறவங்கள்ல ரெண்டு பேரக் குறைக்கலாம். பதிவேட்டப் பாத்தாலே தெரிஞ்சிடும்."

"அண்ணே, லீவு போடுறவன் உடம்பு சரியில்லாமப் போடுறான்" என்றான் ரேடியோ. "வேலைக்கு வந்தும் சும்மா நிக்கிறவன என்ன பண்றது? லாரியில ஏத்துற இடத்தையே எடுத்துக்கங்க. ஆறு பேர் நிக்கிறாங்க. நாலு பேர் ஏத்துறான், ஒருத்தன் எண்ணுறான், ஒருத்தன் எண்ணுறவனப் பாத்துக்கிட்டு நிக்கிறான். ரெண்டு பேர் இல்லாமலே நடக்கும்."

"அந்த எண்ணுறவனப் பாத்துக்கிட்டு நிக்கிறவன் நீதானே?" என்றான் மைத்துனன். எல்லாரும் சிரித்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கமும் சிரித்தார்கள்.

"இன்னொண்ணு, பாதுகாப்பு" என்று குமாஸ்தா அடுத்ததை எடுத்தான். "மெஷின் பக்கத்துல காது கேக்காதவங்கள வெச்சிருக்கிறது ஆபத்து. அதையும் யோசிக்கணும்."

அச்சுக்காரருக்குச் சுருக்கென்று ஏறியது. குனிந்து செருப்பை எடுக்காமல் இருந்ததே பெரிய காரியம். "தம்பி, காது கேக்காமப் போனது எங்க அம்மா வயித்துல இருந்தில்ல, இந்த ஆலையில இருந்து" என்றார். குரல் ஏறியது தெரிந்து, பல்லைக் கடித்து இறக்கினார். மார்க்கு போய்விடும். கூண்டு போய்விடும். பேசாமல் உட்கார்ந்திருந்த பீப்பாய் அக்காவின் பக்கம் திரும்பி, மகள் சொல்லிக் கொடுத்த வாக்கியத்தை அப்படியே எடுத்து வைத்தார்.

"நீங்க என்ன நெனைக்கிறீங்க?"

அக்கா திடுக்கிட்டாள். அந்த மனுஷன் அவளை 'நீங்க' என்று கூப்பிட்டதே அன்றைக்குத்தான். "நான் என்னத்த நெனைக்க... பீப்பாய்ல மரத்தூள் அள்ளிப் போட ஒரு ஆள் இருக்கு. இப்பல்லாம் மரத்தூள் மூட்டையில வருது, நானே கொட்டிக்கலாம். அந்த ஒரு ஆள் மிச்சம்தான்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேனாக்கள் ஓடின. அக்காவைப் பேச வைத்ததற்குத்தான் தனக்கு மார்க்குப் போடுகிறார்கள் என்று நினைத்தார் அச்சுக்காரர். சூடு பிடித்துவிட்டது. ஜெயிக்கப் போகிறோம் என்று தோன்றியது. தனக்குத் தெரிந்த உதாரணத்தை எடுத்து விட்டார்.

"மெஷின் பத்தி யாருமே பேசலையே? மூணாம் நம்பர் மெஷின்ல ரெண்டு பேர் நிக்கிறாங்க. முன்னாடி அச்சு அடிக்கடி நழுவும், ஒருத்தர் ஓட்ட ஒருத்தர் பிடிக்கணும். போன வருஷம் நான் புது அச்சு போட்டதுக்கு அப்புறம் அது நழுவுறதே இல்ல. ஒருத்தரே போதும். மெஷினத் தெரிஞ்சவன்தான் இதச் சொல்ல முடியும்."

கடைசி வாக்கியத்தை மைத்துனனைப் பார்த்துச் சொன்னார். சொல்லிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தார், என்ன மார்க்குப் போடுகிறார்கள் என்று.

மேனேஜரின் உதடு அசைந்தது. தெளிவாகத் தெரிந்தது.

"மூணாம் நம்பர்ல அந்தக் கண்ணாடிக்காரன்தானே ரெண்டாவது ஆளு? அவன் பேர எழுதுங்க. ஆறு ஆச்சு. இன்னும் ரெண்டுதான்."

கணக்குப் பிரிவுக்காரர் ஏற்கெனவே ஐந்து பெயர் இருந்த தாளில் ஆறாவதை எழுதினார்.

அச்சுக்காரருக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. கற்பனை ஆலையாம்! இருபத்தாறு வருஷம் யாரையும் நம்பாதவன், ஒரு கூண்டைக் காட்டியதும் வாயைப் பிளந்துகொண்டு வந்து உட்கார்ந்து, சோடாபுட்டியின் கழுத்தில் கயிற்றைப் போட்டுக் கொடுத்தாயிற்று. மூன்றாம் நம்பரில் தடித்த கண்ணாடி போட்டவன் சோடாபுட்டி ஒருவன்தான். அக்காவின் வாயிலிருந்து ஒரு பெயரைப் பிடுங்கிக் கொடுத்ததும் இவரேதான். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

மைக் முன்னால் இருந்தது. சத்தம் போட்டால் அந்தப் பக்கம் கேட்கும். குனிந்து, தண்ணீர் பாட்டிலைத் திறக்கிற சாக்கில், குரலே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்தார்.

"நிறுத்துங்க. அங்க நிஜப் பேர எழுதுறாங்க."

மூன்று தலைகள் நிமிர்ந்தன.

"நிஜமாவா?" என்றது ரேடியோவின் உதடு.

"மேனேஜர் வாயப் பாத்தேன். ஆறு பேர் ஆச்சு. உன் ஆள் ரெண்டு."

"மரத்தூள்காரியா?" என்றாள் அக்கா, அவளும் சத்தமில்லாமல். "ஐயோ, என் வாயில புழு வைக்க. நீதான்யா என்னைப் பேசச் சொன்ன!"

"ஆமா, நான்தான். இப்ப வாய மூடு."

குமாஸ்தா பாவம், ஒன்றும் புரியாமல் பேசிக்கொண்டே இருந்தான். திறமை, ஒழுங்கு, எதிர்காலம் என்று அவன் குரல் மட்டும் மைக்கில் ஓடியது. அவனைச் சுற்றி நாலு வாய்கள் மீன் வாய் மாதிரி திறந்து மூடின. "ஏன் எல்லாரும் பேசாம இருக்கீங்க? நான் தப்பா எதாவது சொல்லிட்டேனா?" என்று கடைசியில் அவனும் நிறுத்தினான்.

மேசை அமைதியாகிவிட்டது. அந்தப் பக்கம் தேர்வு அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் நாலு நிமிடம்.

மைத்துனனின் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. "மாமா, இதெல்லாம் எங்க வாய அடைச்சு நீங்க ஜெயிக்கிற வேலை."

"உன் அக்கா மேல சத்தியமா சொல்றேன்."

"அக்கா மேல ஆயிரம் சத்தியம் பண்ணியிருக்கீங்க. ஒண்ணாவது நின்னுச்சா?"

பிறகு மைத்துனன் நிமிர்ந்து உட்கார்ந்தான். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, மைக்கைப் பார்த்து, நன்றாகக் கேட்கும்படி சொன்னான்.

"எல்லாரும் சொன்னதச் சேத்துப் பாத்தா ஆறு இடம் வருது. பேக்கிங்ல லேபிள் ஒட்டுறதுக்கு மூணு பேர் இருக்காங்க. ஒருத்தரே போதும். ஆக எட்டு. இதுவே குழுவோட முடிவா இருக்கலாம்னு நெனைக்கிறேன்."

ஆறு என்று அவனே எண்ணிச் சொன்னான். நம்பாதவன் எண்ணுவானா? நம்பித்தான் சொன்னான். அச்சுக்காரர் எழுந்தார். நாற்காலி பின்னால் விழுந்தது. "நீ மனுஷனாடா?" என்று அவர் கத்தியது கீழே கொட்டகை வரைக்கும் போயிருக்கும், கொட்டகையில் யாருக்கும் எதுவும் கேட்காது என்பதுதான் குறை.

மணி அடித்துவிட்டார்கள்.

சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் மேனேஜர் அறைக்கு இவரைக் கூப்பிட்டார்கள். வெளியே தள்ளத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துப் போனார். தேர்வு அம்மாள் அதே சிரிப்போடு இருந்தாள்.

"உங்களுக்குத்தான் அதிக மார்க்கு" என்றாள். "ஆரம்பிச்சு வெச்சீங்க. பேசாதவங்களப் பேச வெச்சீங்க. சொந்த அனுபவத்துல இருந்து உதாரணம் குடுத்தீங்க. அப்புறம் ஒரு வார்த்தைகூடப் பேசாம மேசையையே நிறுத்தினீங்க பாருங்க, அத நான் எங்கயும் பாத்ததில்ல. மத்தவங்க உங்க பேச்சக் கேக்குறாங்க. கடைசியில கோபத்த மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கணும்."

மேனேஜர் ஒரு தாளை நகர்த்தினார். "வாழ்த்துகள். இன்னைக்கே கூண்டுக்குப் போயிடலாம். இதுல ஒரு கையெழுத்து மட்டும். மேற்பார்வையாளரோட சிபாரிசுன்னு போகணும், அவ்வளவுதான்."

எட்டுப் பெயர்கள். அச்சுக்காரர் எழுத்துக் கூட்டி ஒவ்வொன்றாகப் படித்தார். அவசரப்படவில்லை.

"இவங்கள நானா சொன்னேன்?"

"குழுவா எடுத்த முடிவுதானே. ஒலிப்பதிவே இருக்கு."

"கற்பனைன்னு சொன்னீங்க."

"ஆரம்பத்துல கற்பனைதான்."

"நீங்களே கழுத்தறுத்தா உங்க கையில ரத்தம் படும்னு, எங்க வாயாலயே அறுக்க வெச்சீங்க. அதுக்கு மார்க்கு வேற."

மேனேஜருக்கு முகம் மாறவில்லை. "நீங்க போடலைன்னா உங்க மைத்துனர் போடுவார். அவர்தான் ரெண்டாவது இடம். அந்த எட்டுப் பேருக்கு எப்படியும் ஒண்ணுதான். உங்களுக்குத்தான் வித்தியாசம். டாக்டர் எழுதினது என்கிட்டயும் ஒரு நகல் இருக்கு. ஒரு வருஷம்னு போட்டிருக்கார்."

அறையில் குளிர்காற்று மெஷின் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. சுவர்க்கடிகாரத்தின் டிக் டிக் வலது காதில் விழுந்தது. கடிகாரச் சத்தம் கேட்டு எத்தனை வருஷம் ஆகிறது! இதே மாதிரி ஓர் அறைதான் கூண்டும். மகள் பேசுவது கேட்கும். மனைவி திட்டுவதுகூடக் கேட்கும். பேனா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவர் அதை எடுத்தார். எடுத்ததை யாரும் மறுக்க முடியாது. விரல்களுக்கிடையில் ஒரு தடவை உருட்டினார். சோடாபுட்டியின் பெயர் ஆறாவதாக இருந்தது.

பேனாவைத் தாளின் மேலேயே வைத்துவிட்டு எழுந்தார்.

"உக்காருங்க. யோசிங்க" என்றார் மேனேஜர். "சரி, உங்க இஷ்டம். ஆனா இந்தப் பேர் எதுவும் இந்த அறைய விட்டு வெளிய போகக் கூடாது. சாயங்காலம் நாங்களே சொல்லுவோம்."

"எனக்குக் காது கேக்காது சார்" என்றார் அச்சுக்காரர். "உங்க டாக்டரே எழுதிக் குடுத்திருக்காரே."

கொட்டகைக் கதவைத் திறந்ததும் பதினாறு மெஷின்களின் சத்தமும் நெஞ்சில் வந்து மோதியது. பஞ்சு வைத்துக்கொள்ளவில்லை. நேராக மூன்றாம் நம்பருக்குப் போனார். சோடாபுட்டி கம்பிச் சுருளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணாடி முழுக்க எண்ணெய்ப் படலம். தோளைத் தொட்டுத் திருப்பினார்.

"உன்ன வேலைய விட்டுத் தூக்கப் போறாங்க" என்றார். "இந்த மெஷினுக்கு ஒரு ஆள் போதும்னு சொன்னது நான். மேற்பார்வையாளர் ஆகணும்னு வாய விட்டுட்டேன்."

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டினான். "என்ன சொன்ன? சரியாத் தெரியல. மறுபடி சொல்லு."

ஒரு தரம் சொல்வதற்கே உயிர் போய்விட்டது. மறுபடி சொன்னார். இந்தத் தடவை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக.

சோடாபுட்டி கொஞ்ச நேரம் அவர் வாயையே பார்த்தான். பிறகு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான். கொட்டகையில் அதைவிடப் பெரிய வசவு கிடையாது. முகத்தைத் திருப்பிவிட்டால் அப்புறம் அவனிடம் யாரும் எதையும் சொல்ல முடியாது. காட்டுக் கத்தலாகக் கத்தினாலும் சுவர்தான்.

அச்சுக்காரர் நகரவில்லை. ஆணிகள் தட்டில் கொட்டிக்கொண்டே இருந்தன. மாடிப்படியிலிருந்து மைத்துனன் இறங்கி வருவது தெரிந்தது. கையில் சாவி. யாரையும் பார்க்காமல் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். நாற்காலியில் உட்கார்ந்து, அதைச் சுழற்றி, கண்ணாடி வழியாகக் கொட்டகையை ஒரு சுற்றுப் பார்த்தான்.

கம்பிச் சுருள் தீர்ந்தது. மூன்றாம் நம்பர் வெறும் காற்றை வெட்டியது. புதுச் சுருள் எடுக்க வேண்டுமென்றால் சோடாபுட்டி இந்தப் பக்கம் திரும்பித்தான் ஆக வேண்டும். திரும்பினான். சுருளை எடுக்கவில்லை. மெஷினை நிறுத்தினான். தடித்த கண்ணாடிக்குப் பின்னால் கண் சிவந்திருந்தது. அவன் கை ஓங்கும் என்று அச்சுக்காரர் நினைத்தார். ஓங்கினால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றார்.

"நான் மட்டுமா, இன்னும் யாராவது உண்டா?" என்றான்.

"மொத்தம் எட்டுப் பேர்."

"யார் யாரு?"

பக்கத்து இரண்டு மெஷின்காரர்களும் இதற்குள் இந்தப் பக்கம் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். பீப்பாய் அக்கா மரத்தூள்காரியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். கூண்டுக்குள் மைத்துனன் எழுந்து நின்று கண்ணாடியில் முகத்தை ஒட்டினான். அவனுக்கும் உதடு படிக்கத் தெரியும்.

அச்சுக்காரர் கூண்டுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, முதல் பெயரைச் சொன்னார்.